காதலியின் தாயிடம் ஒரு மன்னிப்பு

சித்தப்பா: நேற்று இரவு தம்பி நம் குடும்பக் குழுவில் அனுப்பிய அமெரிக்கப் பாட்டை இரண்டு முறை கேட்டேன். தாளம் மனத்தில் ஒட்டிக்கொண்டது, ஆனால் அவர்கள் பேசும் வேகத்தில் பாதிக்கு மேல் பிடிபடவில்லை. யாரோ ஓர் அம்மாவிடம் திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்கிறார்கள் என்பது மட்டும் புரிந்தது. யார் அந்த ஜாக்சன்?

நான்: சித்தப்பா, அது அமெரிக்காவின் அட்லாண்டா நகரைச் சேர்ந்த அவுட்காஸ்ட் என்ற ராப் குழுவின் ‘மிஸ் ஜாக்சன்’. ஆன்ட்ரே 3000, பிக் பாய் என்ற இருவர்தான் அந்தக் குழு. பள்ளியில் படிக்கும்போதே சேர்ந்து பாடத் தொடங்கியவர்கள். 2000-ஆம் ஆண்டின் ‘ஸ்டாங்கோனியா’ தொகுப்பில் வந்த இந்தப் பாட்டு, 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் பாட்டுத் தரவரிசையான பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் அவர்களுக்கு முதல் முறையாக முதலிடத்தை வாங்கித் தந்தது. ஜாக்சன் என்பது பாட்டுக்காக வைத்த பெயர். ஆன்ட்ரேயும் பாடகி எரிக்கா படூவும் காதலித்து, 1997-இல் ஒரு மகனைப் பெற்று, பிறகு பிரிந்துவிட்டார்கள். அந்தப் படூவின் தாயை நினைத்துத்தான் இந்த மன்னிப்பு.

பெரியத்தை: பிரிந்தது மகளிடமிருந்து, மன்னிப்பு மட்டும் தாயிடமா? அந்தப் பெண்ணிடம் நேராகக் கேட்கத் துணிவில்லை என்றுதானே இதற்குப் பொருள்?

நான்: எனக்கு அப்படித் தோன்றவில்லை அத்தை. காதலர்கள் பிரியும்போது இருவரும் தத்தம் வழியில் போய்விடலாம், ஆனால் பேரனைத் தூக்கி வளர்க்கும் பாட்டிக்கு அந்த வசதி இல்லை. தன் மகளை அழவைத்தவனை, பேரனின் தகப்பன் என்பதற்காக, வீட்டுக்குள் விட்டே ஆகவேண்டிய நிலை அவளுடையது. காதல் முறிவைப் பற்றிய பாட்டுகளில் இந்த மூன்றாவது ஆளை யாரும் பெரிதாக எண்ணுவதில்லை. ஆன்ட்ரே அவளிடம் பேசுகிறார்: உங்கள் மகளோடு காலமெல்லாம் இருப்பேன் என்றுதான் நம்பினேன், உல்லாசப் பயணத்துக்கு நாள் குறிக்கலாம், அன்று மழை வருமா என்று யாரால் சொல்ல முடியும் என்கிறார். ஆனாலும் பிள்ளையின் முதல் பள்ளி நாளிலும் பட்டமளிப்பு நாளிலும் வந்து நிற்பேன் என்று வாக்குக் கொடுக்கிறார்.

சித்தப்பா: பியானோவில் நடுவே ஒரு பழகிய மெட்டு வந்ததே, அது மேல்நாட்டுக் கல்யாணங்களில் மணப்பெண் தேவாலயத்துக்குள் நடந்து வரும்போது வாசிப்பதல்லவா?

நான்: அதேதான் சித்தப்பா. ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் ‘லோஹென்கிரின்’ இசை நாடகத்தில் வரும் மணப்பெண் மெட்டு அது. நடக்காமலே போன ஒரு கல்யாணத்தைப் பற்றிய பாட்டுக்குள் அந்த மெட்டை வைத்திருப்பதைக் கவனித்த பிறகு, எனக்கு இந்தப் பாட்டை வெறும் தாளத்துக்காகக் கேட்க முடியவில்லை. எஃப். கேரி கிரே இயக்கிய காணொளியிலும் மழை கொட்டிக்கொண்டே இருக்கிறது. இருவரும் ஒழுகும் பழைய வீட்டோடு மல்லுக்கட்டுகிறார்கள். பூனையும் ஆந்தையும் தாளத்துக்குத் தலையாட்டுவதைப் பார்த்துக் குழந்தைகள் ரசிப்பார்கள், ஆனால் எனக்கு அந்தக் கூரைதான் கண்ணில் நிற்கிறது.

அக்கா: தம்பி ஆன்ட்ரேயின் பகுதியை மட்டும் சொல்லிவிட்டுப் பிக் பாயின் பகுதியைத் தாண்டிப் போகிறான். அந்தப் பகுதியில் மன்னிப்பைவிடக் கோபம்தான் அதிகம். குழந்தையைக் காட்டிப் பணம் கறக்கிறார்கள், தன் பக்கத்து நியாயத்தை யாரும் காதில் வாங்கவில்லை, பெண்ணின் தாயும் தோழிகளும் சண்டையை ஊதிப் பெரிதாக்குகிறார்கள் என்று அவர் குமுறுகிறார். குழந்தைக்கான பராமரிப்புத் தொகை குழந்தையின் உரிமை. அதைக் கொடுப்பவன் தன்னைப் பாதிக்கப்பட்டவனாகக் காட்டிக்கொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை. எரிக்கா படூவே பின்னாளில் ஒரு பேட்டியில், ஆன்ட்ரேயின் பகுதி தனக்கு நிறைவாக இருந்தது என்றும் பிக் பாயின் பகுதியைக் கேட்டபோது வலித்தது என்றும் சொல்லியிருக்கிறார்.

நான்: அக்கா சொல்வது சரிதான், அந்தப் பகுதி நியாயமானது என்று நானும் வாதாட மாட்டேன். ஆனால் அதை நீக்கிவிட்டால் இது வெறும் நல்ல பிள்ளையின் மன்னிப்புக் கடிதமாகிவிடும். பிரிவு நேர்ந்த வீடுகளில் வருத்தமும் வன்மமும் ஒரே வாயிலிருந்து, சில வேளை ஒரே மூச்சில் வருவதை நாம் பார்த்ததில்லையா? இங்கே ஒருவர் வன்மத்தை ஏற்றுக்கொள்கிறார், இன்னொருவர் வருத்தத்தை. இரண்டுக்கும் நடுவில் அதே பல்லவி வந்து நிற்பதால்தான் அந்த மன்னிப்பை நான் நம்புகிறேன்.

பெரியத்தை: அந்தத் தாய் இதைக் கேட்டாரா? அவருக்கு எப்படி இருந்ததாம்?

அக்கா: மிகவும் பிடித்துப்போயிற்றாம் அத்தை. ‘மிஸ் ஜாக்சன்’ என்று எழுதிய கார் எண் பலகை, குவளை, பேனா, தலைப்பட்டை என்று எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டாராம். இதையும் படூதான் சொன்னார்.

பெரியத்தை: அப்படியானால் அவர் பெரிய மனுஷி. நானாக இருந்தால் அவ்வளவு எளிதில் இறங்கி வந்திருக்க மாட்டேன்.

சித்தப்பா: மகளின் பக்கத்தை யாராவது பாடியிருக்கிறார்களா?

அக்கா: அவரே பாடியிருக்கிறார் சித்தப்பா. அதே 2000-இல், ‘ஸ்டாங்கோனியா’ வெளிவந்த சில வாரங்களிலேயே, அவருடைய ‘மாமாஸ் கன்’ தொகுப்பு வந்தது. அதன் கடைசிப் பாட்டான ‘கிரீன் ஐஸ்’ இந்தப் பிரிவைப் பற்றியதுதான். பச்சைக் கண்கள் என்று பொருள், ஆங்கிலத்தில் அது பொறாமையைக் குறிக்கும். பத்து நிமிடம் ஓடும் அது மூன்று கட்டமாகப் போகிறது. முதலில், எனக்கொன்றும் பொறாமை இல்லை என்று பழைய ஜாஸ் பாணியில் மறுக்கிறார். போகப் போக அந்த மறுப்பு உடைந்து, கடைசியில் வேதனை வெளியே வந்துவிடுகிறது.

நான்: இத்தனைக்கும் ‘ஸ்டாங்கோனியா’வில் ‘ஹம்பிள் மம்பிள்’ என்ற பாட்டில் படூவும் பாடியிருக்கிறார். அவருடைய தாயிடம் மன்னிப்புக் கேட்கும் பாட்டும் அவரே வந்து பாடிய பாட்டும் ஒரே தொகுப்பில் இருக்கின்றன.

பெரியத்தை: பிரிந்த பிறகும் ஒன்றாக வேலை செய்ய முடிந்திருக்கிறது என்றால், அந்தப் பிள்ளைக்கு அதுவே நல்லது. அந்தப் பத்து நிமிடப் பாட்டை இங்கே அனுப்பு அம்மா. மகள் சொல்வதையும் முழுதாகக் கேட்ட பிறகுதான் அந்தப் பையனின் மன்னிப்பைப் பற்றி நான் வாய் திறப்பேன்.