பசங்களோட பனிச்சறுக்கு, அப்புறம் ஒன்சென்: ஒரே நாள்ல முடியுமா?

நிஷிகசாய் அப்பா:
வணக்கம் மக்களே. டோக்கியோ வந்து ரெண்டு வருஷம் ஆச்சு, இன்னும் முழங்கால் அளவு பனிய நேர்ல பாத்ததில்ல. ஜனவரி கடைசில ஊர்ல இருந்து அம்மா வர்றாங்க, 66 வயசு, பிபி மாத்திரை போடுறாங்க. பையனுக்கு 8, பொண்ணுக்கு 4. ஒரு நாள் எல்லாரையும் கூட்டிட்டுப் போய் பசங்களுக்கு ஸ்கீ பழக்கிட்டு சாயங்காலம் ஒன்சென்ல, அதான் வெந்நீர் ஊத்துல, ஒரு குளியல் போட்டுட்டு வரணும்னு ரொம்ப ஆசை. காலா யுசாவா போகலாமா, இல்ல நொசாவா ஒன்சென் நல்லதா? இன்னொன்னு, ஒன்சென்ல துணி இல்லாமதான் குளிக்கணுமாமே, அத கேட்டதுல இருந்து அம்மாவும் மனைவியும் "நாங்க வெளியவே உக்காந்துக்கறோம், நீங்க போயிட்டு வாங்க"ங்கறாங்க. அவங்களுக்கு அது கிடைக்காம போறதுல எனக்கு மனசே இல்ல. வீட்ல எல்லாரும் சைவம் வேற. அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

நீகாட்டா வாசி:
ஒரே நாள்னா காலா யுசாவா தான், யோசிக்கவே வேணாம். டோக்கியோல ஷின்கான்சென் (புல்லட் ரயில்) ஏறுனா ஒன்னேகால் மணி நேரம், 1990ல ஸ்கீக்காகவே தொறந்த ஸ்டேஷன் அது, டிக்கெட் கேட்ட தாண்டுன உடனே வாடகை ட்ரெஸ், ஷூ, ஸ்கீ எல்லாம் அதே கட்டடத்துல, அங்கயே கோண்டோலா ஏறி மேல போயிடலாம். வெளிநாட்டு பாஸ்போர்ட் இருந்தா இங்க குடியிருக்கிறவங்களும் ஜேஆர் டோக்கியோ வைட் பாஸ்ங்கற ரயில் பாஸ் வாங்கலாம், 3 நாள் செல்லும், சீசன்ல காலா வரைக்கும் போகலாம். நொசாவா இன்னும் அழகான ஊர்ங்க, ஊர்க்காரங்களே பாத்துக்கற 13 பொதுக் குளியல் வீடு இருக்கு, ஆனா ஈயாமா வரைக்கும் ரயில்ல போய் அங்கிருந்து பஸ்ல 25 நிமிஷம், அதோட தண்ணி கொதிக்கிற சூடு, சின்னக் குழந்தையால கால் வைக்கவே முடியாது. அத ராத்திரி தங்குற மாதிரி இன்னொரு தடவ வச்சுக்கோங்க.

போகும்போது அம்மாவ ஜன்னல் ஓரமா உக்கார வைங்க. மலைக்கு இந்தப் பக்கம், குன்மால, வெயில் அடிக்கும், தரை காஞ்சு கிடக்கும், அப்புறம் 22 கிலோமீட்டர் டாய்ஷிமிசு சுரங்கத்துக்குள்ள ரயில் போகும், அந்தப் பக்கம் வெளிய வந்தா வீட்டுக் கூரையெல்லாம் பனிக்குள்ள கிடக்கும். சைபீரியால இருந்து வர்ற குளிர் காத்து ஜப்பான் கடல் மேல ஈரத்த அள்ளிட்டு வந்து அந்த மலைல மோதி நீகாட்டா பக்கமே மொத்தத்தையும் கொட்டிடுது, அதான். நான் எத்தன தடவ போனாலும் அந்த நிமிஷத்துல மட்டும் ஃபோன கீழ வச்சிடுவேன்.

ஸ்கீ அரை நாள் போதும். பெரியவனுக்கு ரெண்டு மணி நேர ஸ்கூல் போடுங்க, நீங்களே கத்துக்குடுக்கப் போனா ரெண்டு பேருக்கும் அழுகை தான் மிச்சம். முன் நுனி ரெண்டும் கிட்ட, பின்பக்கம் விரிச்சு, அதுதான் ப்ரேக், இங்க எல்லா டீச்சரும் "ஹா (ハ) எழுத்து மாதிரி வை"ன்னு தான் சொல்லுவாங்க. ஷூக்குள்ள ஒரே ஒரு தடி சாக்ஸ், ரெண்டு மூணு போட்டா ரத்தம் ஓடாம கால் இன்னும் ஜில்லுன்னு ஆயிடும். பருத்தி பனியன் வேணாம், வேர்த்தா காயாது. க்ளவுஸ், குல்லா பெரும்பாலும் வாடகைக்குக் கிடைக்காது, முன்னாடியே வாங்கிடுங்க. சின்னவளுக்கு உக்காந்து வழுக்கிட்டுப் போற ஸ்லெட்ஜ் போதும், அதுலயே சந்தோஷமா இருப்பா.

சென்டாய் அக்கா:
தம்பி, ஒன்சென் பத்தி நான் சொல்றேன், நானும் முதல் தடவ வாசல்லயே திரும்பினவ தான். அவங்கள கட்டாயப்படுத்தாதீங்க. "கஷிகிரி"ன்னு கேளுங்க, ஒரு குடும்பத்துக்கு மட்டும் ஒரு தொட்டிய முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம்னு பூட்டிக் குடுப்பாங்க, தனிக் காசு, முன்னாடியே புக் பண்ணணும். பொது குளியல்னா ஆம்பளைக்குத் தனி, பொம்பளைக்குத் தனி. 2020ல சுகாதார அமைச்சகம் வழிகாட்டுதல மாத்தினதுல இருந்து பொதுவா 7 வயசு ஆயிட்டா பிள்ளைங்க எதிர்ப்பால் பக்கம் போகக்கூடாது, அதனால பையன் உங்க கூட, பாப்பா அம்மா கூட.

உங்கம்மா கையில பச்சை குத்தியிருக்காங்களா? நம்ம ஊர்ல அந்தத் தலைமுறைல நிறைய பேருக்கு இருக்கும். பச்சை இருந்தா பொதுக் குளியல்ல பல இடத்துல விடமாட்டாங்க, சின்னதுன்னா தோல் கலர் ஸ்டிக்கர் ஒட்டிக்கச் சொல்லுவாங்க. கஷிகிரில பொதுவா அந்தக் கேள்வி வராது. கொலுசு, மெட்டி எல்லாம் கழட்டிடுங்க, ஜாவோ ஒன்சென்ல கந்தகத் தண்ணில என் வெள்ளிக் கொலுசு பத்து நிமிஷத்துல கருகருன்னு ஆயிடுச்சு.

பிபிக்கு கண்டிப்பா ஊர் டாக்டர் கிட்ட கேட்டுட்டு வரச் சொல்லுங்க. குளிர்ல இருந்து வந்த உடனே இறங்க விடாதீங்க, மொதல்ல ஸ்டூல்ல உக்காந்து சோப்பு போட்டுக் குளிச்சிட்டு, கால்ல இருந்து மேல மேல வெந்நீர் ஊத்திப் பழக்கிட்டு, 41 டிகிரிக்கு மேல வேணாம், பத்து நிமிஷம் போதும். எழும்போது மெதுவா எழணும், நீங்களோ மனைவியோ கைய பிடிச்சுக்கோங்க. முன்னாடியும் பின்னாடியும் தண்ணி குடிக்கணும்.

சைவக்காரன்:
சாப்பாடு கையோட கொண்டு போங்க. மலை மேல கறி ரைஸ்ல மாட்டுக் கொழுப்போ பன்னிக் கொழுப்போ இருக்கும், சோபா, உடோன் நூடுல்ஸ் குழம்புல மீன் சாறு. புளிசாதம், உருளைக்கிழங்கு வறுவல் குளிர்லயும் நல்லா இருக்கும். அவசரத்துக்கு உமெபோஷி ஒனிகிரி, அதான் புளிப்பு ஊறுகாய் வச்ச சோத்து உருண்டை, ஆனா பாக்கெட்ல எழுதியிருக்கிறத ட்ரான்ஸ்லேட் போட்டுப் பாத்துட்டு வாங்குங்க.

நிஷிகசாய் அப்பா:
போயிட்டு வந்துட்டோம்! அக்கா, நீங்க சொன்னது அப்படியே சரி, அம்மாவுக்கு முன்னங்கைல பச்சை இருக்கு, கோலம் மாதிரி, இத்தன வருஷமா பாத்திட்டிருக்கேன் எனக்கு அது தோணவே இல்ல. டாக்டர் கிட்ட கேட்டுட்டு கஷிகிரி தான் போட்டோம், மொதல்ல அம்மா, மனைவி, பாப்பா மூணு பேரும், அடுத்த முக்கால் மணி நேரம் நானும் பையனும். சுரங்கம் முடிஞ்சு வெள்ளையா விரிஞ்சதும் அம்மா ஒன்னும் பேசல, என் கைய மட்டும் பிடிச்சிட்டாங்க. மேல போனதும் க்ளவுஸ கழட்டி ஒரு பிடி பனிய எடுத்து உதறிப் பாத்தாங்க, "உப்பு மாதிரி இருக்கும்னு நெனச்சேன், அரிசி மாவு மாதிரில்ல இருக்கு"ன்னாங்க. பையன் பத்து தடவ விழுந்து பதினொன்னாவது தடவ தானா நின்னான். குளியல்ல இருந்து வெளிய வந்த அம்மா முகம் அப்படி செவந்து தெளிஞ்சு இருந்துச்சு, அவங்கள அவ்வளவு நிதானமா நான் பாத்ததே இல்ல, பாப்பா தலைமுடில பனி விழுந்து கரைஞ்சத பத்தியே ரயில் முழுக்கப் பேசிட்டு வந்தாங்க.

ஊருக்குப் போறதுக்குள்ள இன்னொரு தடவ போகணுமாம். பிப்ரவரில எப்போ போகலாம்?

நீகாட்டா வாசி:
11ம் தேதியும் 23ம் தேதியும் அரசு விடுமுறை, அத ஒட்டின நாள விட்டுடுங்க, நடுவுல செவ்வாய் புதன்னு லீவு போட முடிஞ்சா போடுங்க. இந்த தடவ நொசாவால ஒரு ராத்திரி தங்குங்க. ஓகாமான்னு ஒரு ஊத்து இருக்கு, 90 டிகிரி, ஊர்க்காரங்க அதுல கீரை வேக வைப்பாங்க, நம்ம உள்ள போகக்கூடாது, வேலிக்கு வெளிய நின்னு பாக்கலாம். அம்மாவுக்கு அது ரொம்பப் பிடிக்கும்.