உப்பு வயல் ஊதா பாக்டீரியா: சைட்டோகுரோம் சி2 தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். கும்பகோணத்தில் நுண்ணுயிரியல் முதுகலை படிக்கிறேன். திருவையாறு வயல் சேற்றிலிருந்தும், வேதாரண்யம் பக்கம் உப்புப் பூத்த வயலிலிருந்தும், ஒளிச்சேர்க்கை செய்யும் ஊதா பாக்டீரியா வளர்க்கிறேன். கழுத்து வரை நிரப்பி மூடிய புட்டியை குண்டு பல்பு முன்னால் வைத்தால், கலங்கல் மெல்லச் செம்பழுப்பாகத் திரும்புகிறது. பார்க்க அவ்வளவு அழகு!

கேள்விக்கு வருகிறேன். ரோடோபாக்டர் ஸ்பீராய்டிஸ் என்ற ஊதா பாக்டீரியாவில் சைட்டோகுரோம் சி2 என்ற சிறு புரதம் எலக்ட்ரானைச் சுமந்து வந்து, ஒளியாற்றலால் எலக்ட்ரானை நகர்த்தும் புரதத் தொகுதியான ஒளிச்சேர்க்கை வினைமையத்தில் ஒட்டுகிறது. சி2-வின் லைசின் அமினோ அமிலங்களில் நேர்மின்சுமை, வினைமையத்தின் அஸ்பார்ட்டேட், குளூட்டமேட் அமினோ அமிலங்களில் எதிர்மின்சுமை. இந்த ஈர்ப்புதான் இரண்டையும் சரியாகப் பொருத்துகிறது. ஒட்டியபின் சுமார் 1 மைக்ரோநொடியில் எலக்ட்ரான் கைமாறிவிடும். ஆனால் உப்பு கூடினால் இந்த ஈர்ப்பு தளர்கிறது. பாக்டீரியாவின் வெளிச்சவ்வுத் துளைகள் வழியே, சி2 இருக்கும் இடத்துக்கே உப்பு வருமே, கடலோர வயலில் இருப்பவை எப்படிச் சமாளிக்கின்றன?

நான்கு ஹீம் (இரும்பு கொண்ட நிறமித் தொகுதி) உள்ள சைட்டோகுரோம் வினைமையத்தோடே இணைந்திருக்கும் வகையாக இருக்குமோ? 1988 நோபல் பரிசுக்குரிய படிக அமைப்பில் இருப்பது அதுதான். ஆனால் அதற்கும் எலக்ட்ரான் கொண்டுவர இன்னொரு புரதம் வேண்டும். சில இனங்களில் ஹைப்பிப் என்ற இரும்பு-கந்தகப் புரதம் அந்த வேலையைச் செய்கிறது. என் சந்தேகம் அதன் மேல்தான்.

அந்த நான்கு ஹீம் சைட்டோகுரோமுக்கான பஃப்-சி (pufC) மரபணு இருக்கிறதா என்று பிசிஆரில் பார்க்க, நம்பகமான பிரைமர் (தொடக்க டிஎன்ஏ துண்டு) வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள். அப்புறம், திருச்சி, தஞ்சை வட்டாரத்தில் மைக்ரோநொடி அளவில் அளக்கும் ஒளித்துடிப்பு நிறமாலைமானி எங்காவது உண்டா? மாதிரிகளை நானே எடுத்து வருகிறேன்.