மார்மன் மிஷன் போய் வந்தவர்கள் இருக்கிறீர்களா? மீதிக் கதையையும் சொல்லுங்கள்

மழைக்காகம்:
எனக்கு 18 ஆகிவிட்டது, எங்கள் மார்மன் சபையில் (அமெரிக்காவில் தொடங்கிய கிறிஸ்தவப் பிரிவு) பார்க்கிறவர்கள் எல்லாம் மிஷனுக்கு, அதாவது வீடு வீடாகப் போய் சுவிசேஷம் சொல்லும் முழுநேர ஊழியத்துக்கு, "எப்போது விண்ணப்பம் போடப் போகிறாய்" என்றுதான் கேட்கிறார்கள். பையன்களுக்கு இரண்டு வருடம், எந்த நாடு என்பது நம் கையில் இல்லை, செலவுக்கும் நாமே பணம் கட்ட வேண்டும், இதெல்லாம் தெரியும். திரும்பி வந்தவர்களைக் கேட்டால் "வாழ்க்கையிலேயே சிறந்த இரண்டு வருடம்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். முகத்துக்கு நேரே கதவைச் சாத்துவார்களே, அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

பழைய எல்டர்:
கதவு சீக்கிரம் பழகிவிடும் தம்பி. யாரும் வாயைத் திறந்து சொல்லாத விஷயம் கம்பானியன்தான், அதாவது நமக்கு ஜோடியாகப் போடும் இன்னொரு ஊழியன். முன்பின் தெரியாத ஒருவனோடு ஒரே அறையில் தூங்கி, காலை 6:30க்கு எழுந்து, இரவு 10:30க்குப் படுக்கும்வரை அவன் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும், குளிக்கப் போகும் நேரம்தான் தனிமை. எனக்கு வாய்த்த ஒருவன் கோபம் வந்தால் பேச மாட்டான், நாள் முழுக்க எனக்கு நாலடி முன்னால் நடப்பான், அடுத்த வீட்டு மணியை அடித்ததும் திரும்பி நின்று பளிச்சென்று சிரிப்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் காய்ச்சலில் நான் விழுந்தபோது ராத்திரியெல்லாம் உட்கார்ந்து ஈரத்துணி மாற்றிப் போட்டதும் அவன்தான். இன்றைக்கும் போன் பண்ணினால் முதல் ரிங்கிலேயே எடுப்பான்.

தையல்நூல்:
நான் சிஸ்டராக, அதாவது பெண் ஊழியராகப் போனவள், எங்களுக்கு 18 மாதம். 2019க்கு முன்னால் வீட்டுக்குப் போன் என்பது கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டும்தான், மற்றபடி வாரம் ஒரு மின்னஞ்சல். இப்போது வாரா வாரம் பேசலாம், கொடுத்துவைத்தவர்கள். மொழி இன்னொரு பாடு. பயிற்சி மையத்தில் சில வாரம் படித்துவிட்டு இறங்கினால் ஊர்க்காரர்கள் பேசுவது ஒன்றும் புரியாது. ஒரு பாட்டி, நாங்கள் சுவிசேஷம் சொல்லச் சொல்ல எங்கள் இலக்கணத்தைத் திருத்திக்கொண்டே இருப்பார், சொன்ன விஷயத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்க மாட்டார். கடைசிவரை ஞானஸ்நானம் எடுக்கவில்லை. அந்த மொழி எனக்கு வாயில் நின்றது அவரால்தான். இத்தனை பேருக்கு ஞானஸ்நானம் என்று கணக்கு வைத்துக்கொண்டு போனீர்கள் என்றால், சில நாடுகளில் வெறுங்கையோடுதான் திரும்புவீர்கள். அதனால் ஊழியம் வீண் என்று ஆகாது.

வெளியே வந்தவன்:
சபையை விட்டவன் நான், ஆனாலும் போகாதே என்று சொல்ல வரவில்லை. யாருக்காகப் போகிறீர்கள் என்பதை மட்டும் யோசியுங்கள். பெண்கள் விருப்பப்பட்டால் போகலாம், பையன்களுக்கு அது கடமை என்றுதான் சொல்லி வளர்க்கிறார்கள். போகாதவனையும் பாதியில் திரும்பி வந்தவனையும் சபையில் பார்க்கும் பார்வை இருக்கிறதே, அதற்குப் பயந்து போனவர்களை எனக்குத் தெரியும், முதல் குளிர்காலத்திலேயே மனசு உடைந்துவிட்டது. உடம்புக்கோ மனசுக்கோ முடியாதவர்கள் வீட்டிலிருந்தே செய்கிற சேவை மிஷனும் இருக்கிறது, அதைக் கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

மழைக்காகம்:
நன்றி. யாருக்காக என்பதற்கு இன்னும் என்னிடம் நேரான பதில் இல்லை. சரி, கம்பானியனோடு ஒத்தே போகவில்லை என்றால் மாற்றித் தருவார்களா?

பழைய எல்டர்:
ஆறு வாரத்துக்கு ஒருமுறை ஜோடியையோ ஊரையோ மாற்றும் டிரான்ஸ்ஃபர் வரும், யார் யாரோடு என்பதை அந்தப் பகுதி ஊழியர்களுக்குப் பொறுப்பான மிஷன் பிரசிடென்ட் முடிவு செய்வார். அவரிடம் மனம் விட்டுப் பேசலாம், ஆனால் கேட்டதும் மாற்றிவிடுவார் என்று நம்பிப் போகாதீர்கள். வெளியே வந்தவன் கேட்டதற்கு முதலில் பதில் தேடுங்கள், அவசரமே இல்லை, 25 வயது வரை போகலாம். போவது என்று முடிவானால் நாலு வகை சமைக்கக் கற்றுக்கொள்ளுங்கள். சமைக்கத் தெரிந்த எல்டரோடு (ஆண் ஊழியரை அப்படித்தான் கூப்பிடுவோம்) யாரும் அதிகம் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை.