அவசரம்: வாங்கப்போகும் வீட்டில் ஒரு அறைக்கு மட்டும் புது பெயின்ட், அதன்மேல் ஈரக்கறை. அட்வான்ஸ் கொடுக்கலாமா?

மணிப்புறா (செவ்வாய், இரவு 10.12)
வணக்கம். வீடு ஒன்று பார்த்து விலையும் பேசி முடித்துவிட்டோம். வியாழன் காலை அட்வான்ஸ் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். இன்று மாலை அலமாரிக்கு அளவெடுக்க மறுபடி போனேன். பின்பக்கப் படுக்கையறைச் சுவரில் பழுப்பு வட்டமாக ஒரு கறை. போன தடவை அது இருந்ததா என்று நினைவில்லை. அந்த அறைக்கு மட்டும் புதிதாக பெயின்ட் அடித்திருக்கிறார்கள். விற்பவர் "மழைச்சாரல்தான், காய்ந்துவிடும்" என்கிறார். தொட்டால் சில்லென்று இருக்கிறது. வீட்டை விட மனமில்லை, கண்ணை மூடிக்கொண்டு பணம் கொடுக்கவும் பயமாக இருக்கிறது. சீக்கிரம் யாராவது சொல்லுங்கள்.

ஓட்டுவீடு (10.20)
கறை தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது? அது வெளிச்சுவரா, உள்சுவரா? சுவருக்கு அந்தப் பக்கம் என்ன? வீட்டுக்கு என்ன வயது? இது தெரியாமல் யாரும் எதுவும் சொல்ல முடியாது.

கொத்தனார்மகன் (10.31)
இது ஓதம். சந்தேகமே வேண்டாம். மண்ணில் இருக்கும் ஈரத்தைச் செங்கல் உறிஞ்சி மேலே ஏற்றும், விளக்குத்திரி எண்ணெயை ஏற்றுவது போல. அஸ்திவாரத்துக்கு மேலே ஈரம் ஏறாமல் தடுக்கும் அடுக்கு ஒன்று போட வேண்டும். அதைப் போடாமல் விட்டிருப்பார்கள், அல்லது அது கெட்டுப்போயிருக்கும். இப்படி ஏறும் ஈரம் பெரும்பாலும் ஒரு மீட்டர் உயரத்தோடு நின்றுவிடும். நின்ற இடத்தில் உப்புப் பூத்து, பூச்சு பொருபொருவென்று உதிரும். அப்பாவோடு வேலைக்குப் போன நாட்களில் இந்த மாதிரிச் சுவர்கள் நிறையப் பார்த்திருக்கிறேன். பெயின்ட் அடித்து இதை நிறுத்தவே முடியாது.

சாளரம் (10.44)
ஓதமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பூட்டிக் கிடக்கும் அறையில் காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த சுவரில் பட்டு நீராகப் படியும். "சில்லென்று இருக்கிறது" என்று அவரே எழுதியிருக்கிறார். வீட்டில் யாராவது குடியிருக்கிறார்களா, பூட்டிக் கிடக்கிறதா? ஜன்னல்களைத் திறந்து வைத்தால் ஒரு வாரத்தில் போய்விடும்.

ஓட்டுவீடு (10.52)
காற்றின் ஈரம் படிந்தால் மூலைகளிலும் அலமாரிக்குப் பின்னாலும் கறுப்புப் புள்ளியாகப் பூஞ்சை பிடிக்கும். பழுப்பு நிறத்தில் ஓரம் கட்டிய வட்டம் வேறு வகை. தண்ணீர் சுவருக்குள்ளிருந்து அழுக்கைக் கரைத்துக்கொண்டு வந்து, ஓரத்தில் காய்ந்து நின்றால்தான் அப்படி வளையம் தெரியும். என் கேள்விகளுக்குப் பதில் வரட்டும்.

பழையசாவி (11.15)
பல ஆண்டுகளாக இங்கே இதே கேள்விக்குப் பதில் எழுதி வருகிறேன். தம்பி, முதலில் கேட்கப் பழகிக்கொள்ளுங்கள். படம் இல்லை, அளவு இல்லை, வீட்டின் வயது இல்லை. விலை பேசுவதற்கு முன்பே ஒரு கட்டடப் பொறியாளரை அழைத்துக் காட்டியிருக்க வேண்டும். மாலை வெளிச்சத்தில் பத்து நிமிடம் சுற்றிப் பார்த்துவிட்டு, வாழ்நாள் சேமிப்பைக் கொடுக்கக் கிளம்பியிருக்கிறீர்கள். வீட்டை ஒரு தடவை பகலில், ஒரு தடவை நல்ல மழைக்கு மறுநாள் பார்க்க வேண்டும் என்பது அடிப்படை. அதுகூடத் தெரியாதவர்கள் வீடு வாங்க ஏன் அவசரப்படுகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

மணிப்புறா (புதன், காலை 7.40)
எல்லோருக்கும் நன்றி. தனி வீடு, வயது 14. கறை முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே, தட்டு அகலம். வீட்டில் ஆள் இருக்கிறார்கள். திங்கள் இரவு மழை பெய்தது. வேலைக்குக் கிளம்புகிறேன், மதியம் பார்க்கிறேன்.

கொத்தனார்மகன் (7.55)
முழங்கால் உயரம். ஓதம் என்று நேற்றே சொன்னேன்.

ஓட்டுவீடு (8.03)
ஓதம் என்றால் சுவர் நெடுக, அடியிலிருந்து பட்டையாக ஏறி வரும். தட்டு அகலத்தில் வட்டமாக ஒரே இடத்தில் நிற்பது ஏன்? மணிப்புறா, சுவருக்கு அந்தப் பக்கம் என்ன என்று இன்னும் சொல்லவில்லை.

மருதாணி (8.20)
நானும் அதையே கேட்கிறேன். அந்தப் பக்கம் என்ன?

சாளரம் (8.41)
ஒரு எளிய சோதனை. கறையைத் துணியால் ஒற்றித் துடைத்துவிட்டு, ஒரு முழ அளவுக்கு அலுமினியத் தாளையோ பிளாஸ்டிக் தாளையோ நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் போட்டு ஒட்டுங்கள். மறுநாள் பாருங்கள். தாளின் அறைப்பக்கம் நீர் பூத்திருந்தால் அது காற்றின் ஈரம். சுவரை ஒட்டிய பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. கான்கிரீட்டுக்கு இதே மாதிரி ஒரு சோதனையை அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான ஏ.எஸ்.டி.எம். வகுத்திருக்கிறது: 18 அங்குலச் சதுரப் பிளாஸ்டிக் தாள், குறைந்தது 16 மணி நேரம்.

மருதாணி (8.58)
ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். மேலே இருப்பது புது பெயின்ட். நீர் புகாத வகையாக இருந்தால் ஈரத்தைச் சில நாள் உள்ளேயே மறைத்துவிடும். தாள் காய்ந்திருக்கிறது என்பதற்காக நிம்மதி அடைந்துவிட வேண்டாம். முள் வைத்த ஈரமானி கொண்டுவரும் ஆட்களை நம்பும்போதும் கவனம். பெரும்பாலானவை மரத்துக்காகத் தயாரித்தவை. சுவரில் உப்பு இருந்தால் ஈரம் இல்லாவிட்டாலும் எண் ஏறும்.

மணிப்புறா (மதியம் 1.15)
அந்தப் பக்கம் குளியலறை. இதை முன்பே எழுதியிருக்க வேண்டும், மன்னிக்கவும். தண்ணீர்க் குழாய் சுவருக்குள் புதைத்தது. ஜன்னல் எதிர்ச் சுவரில் இருக்கிறது. ஜன்னல் மூலையில் விரிசல் ஒன்றும் இருக்கிறது, அது வேறு பயமாக இருக்கிறது.

ஓட்டுவீடு (1.22)
ஜன்னல் எதிர்ச் சுவரில் இருக்கும்போது சாரல் எப்படிச் சரியாக இந்தச் சுவரில் வட்டம் போடும்? அது குளியலறைத் தண்ணீர்தான். இனிக் கண்டுபிடிக்க வேண்டியது, வரும் குழாயா, போகும் குழாயா, தரையா என்பதுதான்.

பழையசாவி (1.40)
இந்த ஒரு வரியை நேற்று இரவே எழுதியிருந்தால் இவ்வளவு பேருடைய நேரம் மிச்சமாகியிருக்கும். சரி, கேளுங்கள். எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு தண்ணீர் மீட்டரின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரம் யாரும் தண்ணீரைத் தொடக்கூடாது. எண் நகர்ந்திருந்தால் கசிவு உண்டு. அவ்வளவுதான் விஷயம்.

மருதாணி (1.58)
ஐயா சொன்னது மீட்டரிலிருந்து நேராகக் குழாய்க்குத் தண்ணீர் வரும் வீட்டுக்குச் சரி. மாடியில் தொட்டி வைத்து அங்கிருந்து இறங்கும் வீட்டில், தொட்டிக்குக் கீழே ஒழுகுவது மீட்டரில் உடனே தெரியாது. அங்கே தொட்டிக்குள் தண்ணீர் வரும் வழியை மூடிவிட்டு, நீர்மட்டத்தில் ஒரு கோடு போட்டு வைக்க வேண்டும். இரவு எல்லோரும் படுத்த பிறகு கோடு போட்டுக் காலையில் முதல் ஆளாகப் பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் புதைத்த குழாயிலோ ஏதாவது திருகிலோ கசிகிறது. கழிவறைத் தொட்டி சத்தமில்லாமல் ஒழுகினாலும் மட்டம் இறங்கும். அதனால் அதன் வால்வையும் மூடிவிடுங்கள்.

மட்டம் இறங்கவே இல்லை என்றால் வடிகால் பக்கமோ தரையோதான். குளியலறை வடிகால் ஓட்டையை அடைத்துவிட்டு இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் கட்டி, அதில் உணவுக்குப் போடும் வண்ணத்தைக் கலந்து ஒரு நாள் விட்டால் தரை தாங்குகிறதா என்று தெரியும். இது வேறொருவர் வீடு, அவர் சம்மதம் இல்லாமல் செய்யக்கூடாது. பணிவாகக் கேட்டுப் பாருங்கள். சோதனைக்கு ஒத்துக்கொள்கிறாரா இல்லையா என்பதே உங்களுக்கு நிறையச் சொல்லும்.

கொத்தனார்மகன் (2.10)
குளியலறை என்றால் ஒப்புக்கொள்கிறேன், இது ஓதம் இல்லாமல் இருக்கலாம். விரிசலைப் பற்றி: எவ்வளவு அகலம்? ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் மயிரிழை விரிசல் பெரும்பாலும் பூச்சு சுருங்குவதால் வருவது. பிரிட்டனின் கட்டட ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட 251ஆம் எண் டைஜஸ்ட் (வழிகாட்டிக் குறிப்பேடு) விரிசல்களை அகலம் பார்த்து வகைப்படுத்துகிறது. 1 மி.மீ. வரை மிகச் சிறிது, 5 மி.மீ. வரை சிறிது. 5 முதல் 15 வரை போனால் நடுத்தரச் சேதம், ஜன்னல் கதவு இறுகும். அதற்கு மேல் போனால் பெரிய பழுதுவேலைதான். நாணயம் உள்ளே நுழைகிறதா என்று பாருங்கள். கதவும் ஜன்னலும் சிக்காமல் மூடுகின்றனவா என்பதையும் பாருங்கள்.

ஓட்டுவீடு (2.30)
எனக்குக் கோபம் விற்பவர் மேல்தான். கறை இருப்பது தெரிந்துதான் அந்த அறைக்கு மட்டும் பெயின்ட் அடித்திருக்கிறார். இது ஏமாற்று.

நீலக்கதவு (2.51)
போன வருடம் வீடு விற்றவன் நான். விற்பதற்கு முன் பெயின்ட் அடிப்பது ஏமாற்று ஆகாது. அழுக்குச் சுவரோடு காட்டினால் வருகிறவர்கள் வாசலிலேயே முகத்தைச் சுளிக்கிறார்கள். என் வீட்டிலும் சமையலறைக் குழாய் ஒழுகியது. சரிசெய்து, சுவர் காயட்டும் என்று பல வாரம் விட்டு, அப்புறம்தான் பட்டி பார்த்து பெயின்ட் அடித்தேன்.

ஓட்டுவீடு (3.02)
வாங்கியவரிடம் சொன்னீர்களா?

நீலக்கதவு (3.10)
சொன்னேன். உடைத்த சுவர், மாற்றிய குழாய், பூசிய பிறகு என்று படங்கள் எடுத்து வைத்திருந்தேன். பிளம்பர் கொடுத்த ரசீதோடு அதையும் காட்டினேன். அவர் விலையைக் குறைக்கக்கூடக் கேட்கவில்லை. விற்பவர்கள் எல்லோரையும் திருடர்கள் மாதிரிப் பேசுவது எனக்கு வலிக்கிறது.

ஓட்டுவீடு (3.16)
நீங்கள் சொன்னீர்கள், அதனால் அது ஏமாற்று இல்லை. இவர் "மழைச்சாரல்" என்கிறார். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

பழையசாவி (3.35)
வாங்குபவரே விழிப்பாக இருக்க வேண்டும். ஆங்கிலேயச் சட்டத்தில் இதற்கு லத்தீனில் ஒரு வாசகமே உண்டு, காவியட் எம்ப்டர். கண்ணில் படும் குறையைக் கவனிக்காமல் வாங்கிவிட்டு அப்புறம் அழுவதில் பயன் இல்லை.

வழக்குக்கட்டு (4.05)
அந்த வாசகம் எல்லா இடத்திலும் அப்படியே நிற்பதில்லை. இந்தியாவின் 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றச் சட்டம், பிரிவு 55, விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தால் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும் என்கிறது. அமெரிக்காவில் புளோரிடா மாநில உச்ச நீதிமன்றம் 1985ல் ஜான்சன் எதிர் டேவிஸ் வழக்கில் சொன்னது இங்கே பேசும் விஷயத்துக்கு அப்படியே பொருந்தும். ஜன்னல் ஓரம் பூச்சு உரிந்திருந்தது, கூரையின் உட்புறத்தில் கறை. வாங்குபவர்கள் கேட்டபோது, ஜன்னல் கோளாறு எப்போதோ சரிசெய்யப்பட்டது, கறை வால்பேப்பர் பசை என்று விற்பவர்கள் சொன்னார்கள். அதை நம்பி வாங்குபவர்கள் மேலும் முன்பணம் கட்டினார்கள். சில நாளில் பெருமழை. ஜன்னல் சட்டத்திலும் விளக்குப் பொருத்திய இடங்களிலும் தண்ணீர் கொட்டியது. கூரை ஒழுகுவது விற்பவர்களுக்குத் தெரிந்தே இருந்தது என்று கண்ட நீதிமன்றம், முன்பணத்தைத் திருப்பித்தரச் சொன்னது.

ஆனால் அந்தப் பணம் கைக்கு வர வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது, மணிப்புறா. கொடுக்காத பணத்துக்கு வழக்கு வேண்டியதில்லை.

பழையசாவி (4.20)
நான் சொன்னதற்கும் இதற்கும் முரண்பாடு இல்லை. சட்டம் இருந்தாலும் கவனிப்பது வாங்குபவர் கடமைதான்.

நீலக்கதவு (4.33)
விற்பவர் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். அவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். குழாய் சுவருக்குள் ஒழுகுவது அவருக்கே தெரியாமல் இருக்கலாம், பெயின்ட் கறையை மறைத்ததும் தீர்ந்தது என்று நினைத்திருக்கலாம். "வீடு பிடித்திருக்கிறது, இதை மட்டும் தெளிவாக்கிக்கொள்வோம்" என்று பேசுங்கள். கசிவு உண்மையானால், அவரே ஆள் வைத்துச் சரிசெய்து தருவதா, செலவை விலையில் கழிப்பதா என்பதை எழுத்தில் வாங்குங்கள். நானாக இருந்தால் விலையில் கழித்துக்கொண்டு என் ஆளை வைத்தே செய்வேன். விற்றுவிட்டுப் போகிறவர் செய்யும் பழுதுவேலை பூச்சோடு நின்றுவிடும்.

மருதாணி (4.50)
செலவைக் கணக்குப் போடும்போது குழாயை மட்டும் எண்ணாதீர்கள். ஓடு உடைக்க வேண்டும், புதிதாக ஒட்ட வேண்டும், நனைந்த சுவர் காய வேண்டும். ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்பது கட்டட வேலையில் சொல்லும் தோராயக் கணக்கு. ஒன்பது அங்குலச் சுவர் முழுக்க நனைந்திருந்தால் யோசித்துப் பாருங்கள். அதற்குள் அந்த அறையில் அலமாரி வைத்தால் பின்பக்கம் பூஞ்சை பிடிக்கும். இன்று இரவே தொட்டியில் கோடு போட முடியுமா?

மணிப்புறா (மாலை 6.30)
விற்பவரிடம் பேசினேன். முதலில் கொஞ்சம் முகம் சுளித்தார், அப்புறம் சரி என்றார். இரவு போகிறேன்.

மணிப்புறா (வியாழன், காலை 8.05)
கழிவறை வால்வையும் மூடியிருந்தோம். கோட்டிலிருந்து இரண்டு விரல் இறங்கியிருக்கிறது. அவரே பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. அட்வான்ஸை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைத்தேன். சனிக்கிழமை பிளம்பர் வருகிறார். விரிசலில் நாணயம் நுழையவில்லை. ரொம்ப நன்றி, முக்கியமாக மருதாணி அக்காவுக்கு.

மருதாணி (8.20)
நல்லது. ஓடு உடைப்பதற்கு முன், குளியலறைக்குப் போகும் வால்வை மட்டும் மூடிவிட்டு இன்னொரு இரவு பாருங்கள். மட்டம் நின்றுவிட்டால் அந்தக் குழாய்தான். அப்போதும் இறங்கினால் ஒழுகுவது வேறு எங்கோ, வீணாக ஓடுகளை உடைக்க வேண்டாம்.

கொத்தனார்மகன் (9.02)
உடைக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். எந்த இணைப்பு விட்டிருக்கிறது என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

சாளரம் (ஞாயிறு, மாலை 5.15)
மணிப்புறா, என்ன ஆயிற்று? எந்தக் குழாய்?