மெர்சிடிஸ் 300டி: பம்ப் டைமிங்கைக் காதால் கேட்டு வைக்கலாமா?

ஐந்துசிலிண்டர்
1979 மாடல் 300டி, டர்போ இல்லாத ஓஎம்617 டீசல் இன்ஜின். காலையில் ஸ்டார்ட் செய்தால் வெள்ளைப் புகை. சூடானதும் புகை நிற்கிறது, ஆனால் ஏற்றத்தில் இழுவை இல்லை. இன்ஜெக்ஷன் பம்ப் டீசல் அனுப்பும் நேரம், அதாவது டைமிங், பின்தங்கிவிட்டது, சத்தத்தைக் கேட்டுக்கொண்டே பம்பைத் திருப்பி வைத்துவிடலாம் என்கிறார் மெக்கானிக். சரியா?

பம்ப்பெஞ்ச்
வேண்டாம். ஒரு நாசில் (டீசலைத் தெளிக்கும் முனை) கசிந்தாலும் தட்டல் சத்தம் வரும். எந்தக் காதும் டிகிரி அளக்காது.

முதலில் வால்வ் இடைவெளி பாருங்கள். குளிர்ந்த நிலையில் இன்டேக் 0.10 மிமீ, எக்ஸாஸ்ட் 0.30 மிமீ. க்ளோ ப்ளக் (குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யச் சூடேற்றும் ப்ளக்) பழைய வளையக் கம்பி வகை என்றால் எல்லாம் தொடராக இணைந்தவை, ஒன்று போனால் ஐந்தும் போச்சு.

அப்புறம் செயின். கேம்ஷாஃப்ட், பம்ப் இரண்டையும் ஓட்டுவது ஒரே செயின். அது நீண்டால் இரண்டும் சேர்ந்தே பின்தங்கும். பம்பை மட்டும் திருப்பினால் வால்வுகள் தாமதமாகவே திறந்துகொண்டிருக்கும். கேம் குறியை, கேமைத் தாங்கும் டவரில் உள்ள குறியோடு நேர்வைத்து, முன்னால் டேம்பரில் (கிராங்க் முனையில் டிகிரி குறித்த சக்கரம்) டிகிரியைப் படித்துச் சொல்லுங்கள்.

ஐந்துசிலிண்டர்
வால்வ், ப்ளக் சரி. டிடிசி (பிஸ்டன் உச்சிக்கு வரும் புள்ளி) தாண்டி 3 டிகிரி காட்டுகிறது.

கேஜெட்
நடுவில் ஒரு கேள்வி. என்னுடையது 280ஈ பெட்ரோல், கே-ஜெட்ரானிக் இன்ஜெக்ஷன் அமைப்பு. இதில் இன்ஜெக்ஷன் டைமிங் எங்கே வைப்பது?

பம்ப்பெஞ்ச்
எங்கேயும் இல்லை. இன்ஜின் ஓடும்வரை அதில் இன்ஜெக்டர்கள் நிற்காமல் தெளிக்கும். வால்வ் திறக்கும்வரை பெட்ரோல் அதன் பின்னால் காத்திருக்கும். உங்களுக்கு இக்னிஷன் டைமிங் மட்டும்தான்.

300டிக்காரருக்கு: 3 டிகிரி சிறிய நீட்சிதான், அதற்காக செயினை மாற்ற வேண்டாம். பம்பில் முதல் சிலிண்டரின் டெலிவரி வால்வையும் (பம்பிலிருந்து டீசல் வெளியேறும் வழியில் உள்ள சிறு வால்வ்) ஸ்பிரிங்கையும் எடுத்துவிட்டு ஹோல்டரைத் திரும்ப மாட்டி, அதில் வளைந்த சிறு குழாயைப் பொருத்துங்கள். உயரத்தில் வைத்த கேனிலிருந்து பம்புக்கு டீசல் வரட்டும். லீவரை முழு ஆக்ஸிலரேட்டர் நிலையில் கட்டுங்கள். முதல் சிலிண்டர் கம்ப்ரஷனுக்கு வரும்போது கிராங்கை ஓடும் திசையிலேயே மெதுவாகச் சுற்றுங்கள். ஒழுகும் டீசல் குறைந்து நொடிக்கு ஒரு சொட்டாகும் இடத்தில் டேம்பர் 24 காட்ட வேண்டும், டிடிசிக்கு முன். தாண்டிவிட்டால் பின்னால் திருப்பாதீர்கள், செயின் தொய்ந்து கணக்கு கெடும். இன்னும் இரண்டு சுற்று சுற்றி வாருங்கள். சுத்தம் முக்கியம், ஒரு மணல் துகள் போதும், அந்த வால்வ் காலி.

ஐந்துசிலிண்டர்
20 காட்டியது. நட்டுகளைத் தளர்த்திப் பம்பைச் சாய்த்து 24க்குக் கொண்டுவந்தேன். ஏற்றத்தில் நன்றாக இழுக்கிறது. காலையில் மட்டும் லேசாகப் புகை இருக்கிறது.

பம்ப்பெஞ்ச்
அது டைமிங் இல்லை, இனி பம்பைத் தொடாதீர்கள். ஐந்து நாசிலையும் கழற்றி டெஸ்டரில் போடுங்கள். டர்போ இல்லாத இன்ஜினுக்குப் புது நாசில் 115 முதல் 125 பாருக்குள் திறக்க வேண்டும். அழுத்தம் சரியாக இருந்தும் நுனியில் சொட்டு தொங்கினால் அதுதான் உங்கள் காலைப் புகை.