"நீதான் என்னை அடிக்க வைக்கிறே"

(வீட்ல வர்ற கோபம், அடி பத்திச் சிலர் எழுதிப் பேசிக்கிட்டது. தாழ்வாரம், எண்ணிப்பார் மாதிரி வர்றதெல்லாம் அவங்க புனைபெயர்.)

தாழ்வாரம்:
பையனுக்கு எட்டு வயசு. தம்பி காதைத் திருகிக்கிட்டே, "ஏன்டா என்னை அடிக்க வைக்கிறே? நீ ஒழுங்கா இருந்தா நான் ஏன் அடிக்கப்போறேன்?"னு கேட்கிறான். குரல் ஏறவே இல்லை. கடைசியில ஒரு பெருமூச்சு விட்டான் பாருங்க, அது அப்படியே அவங்க அப்பா. அடியை மட்டும் கத்துக்கலை, அடிக்கு முன்னாடி சொல்ற நியாயத்தையும் சேர்த்தே கத்துக்கிட்டான். தம்பி அழலை. வலி குறையுற பக்கமா தலையைச் சாய்ச்சு நின்னான். பழகின சாய்வு.

இந்த மாதிரி வீட்ல "அடிக்காதே"ன்னு பையனைச் சொல்லிப் பிரயோஜனமில்லை. முதல்ல மாற வேண்டியது அந்த வாக்கியம். "கோபம் வந்துச்சு. அடிச்சது நான்." இதைப் பெரியவர் தன் வாயால, பிள்ளைங்க காதுல விழுற மாதிரி சொல்லணும்.

எண்ணிப்பார்:
சண்டையில இடைவேளை எடுக்கிற முறை எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். அது எங்கே சொதப்புதுன்னு ஒரு வீட்ல தெளிவாத் தெரிஞ்சுது. ரெண்டு கையையும் தூக்கினா நிறுத்தணும்னு புருஷன் பெண்டாட்டி பேசி வச்சிருந்தாங்க. அவர் கையைத் தூக்கினார், அறைக்குள்ள போனார், தாழ்ப்பாள் போட்டார். அந்தத் தாழ்ப்பாள் சத்தம்தான் வினை. அவருக்கு அது "அடங்கிட்டு வர்றேன்". அந்தம்மாவுக்கு "போடி". கதவைத் தட்ட ஆரம்பிச்சவங்க கைவலி வந்தும் விடலை.

விட்டுப்போனது ஒரே வரி: "அரை மணி நேரத்துல நானே வந்து பேசுறேன்." நேரமும் சொல்லணும், திரும்ப வருவேன்னும் சொல்லணும். இடைவேளை கேட்டவர்தான் முதல்ல வந்து பேச்சை எடுக்கணும். அவர் ரெண்டு தடவை வராம விட்டாப் போதும், மூணாவது தடவை யாரும் அவரை வெளியே விடமாட்டாங்க.

இடைவேளையை எப்போ கேட்கிறது? மணிக்கட்டுல நாடி பிடிச்சு 15 விநாடி எண்ணுங்க. 25 தாண்டினா நிமிஷத்துக்கு 100 தாண்டியாச்சு. தம்பதிகளைப் பல வருஷம் ஆராய்ஞ்ச ஜான் காட்மன் சொல்ற எல்லை அதுதான். அதுக்கு மேல காதுல விழுறது மூளைக்கு ஏறாது. உடம்பு இறங்கக் குறைஞ்சது 20 நிமிஷம் ஆகும். அந்த இருபது நிமிஷமும் "இப்படிக் கேட்டா நான் இப்படிச் சொல்வேன்"னு மனசுக்குள்ள வசனம் ஓட்டினா, இறங்கவே இறங்காது. பாத்திரம் தேய்க்கலாம், நடக்கலாம். அப்புறம், இதைப் பெரிய சண்டையில தொடங்காதீங்க, டிவி ரிமோட் சண்டையில பழகுங்க.

வாசல்விளக்கு:
இவ்வளவு எதுக்கு? தலையணையை நாலு குத்து குத்தினா கோபம் போயிடும்.

எண்ணிப்பார்:
போகாது. உளவியல் ஆய்வாளர் பிராட் புஷ்மன் 2002-ல 600 கல்லூரி மாணவர்களை வச்சுச் சோதிச்சார். கோபப்படுத்தினவரை நினைச்சு குத்துச்சண்டை மூட்டையைக் குத்தினவங்களுக்குத்தான் கோபம் அதிகமா இருந்துச்சு. சும்மா உட்கார்ந்திருந்தவங்க அவங்களை விடத் தேவலை. தலையணை குத்துறது அடிக்கிற கைக்கு ஒத்திகை.

கதவோரம்:
மேல சொன்னது ரெண்டு பேரும் சமமாக் கத்துற வீட்டுக்குச் சரி. ஒருத்தர் பயந்து நடுங்குற வீட்ல இதைச் சொல்லாதீங்க. அங்கே "இடைவேளை"ங்கிறதும் பயப்படுறவங்க வாயை அடைக்கிற இன்னொரு ஆயுதமாயிடும்.

ஒரு கூடத்துல புருஷன் உடைச்ச சாமான்கள் கிடந்துச்சு. பெண்டாட்டியோட தையல் மெஷின், அவளோட போன், அவ அம்மா கொடுத்த கண்ணாடி. அவரோட கேமரா அதே மேஜை ஓரத்துல, கீறல்கூட இல்லாம. "கண்ணு தெரியாத கோபம்"னு அவர் சொன்னார். கண்ணு நல்லாவே தெரிஞ்சிருக்கு. மேலதிகாரி திட்டினா அடங்குற கை வீட்ல மட்டும் அடங்கலைன்னா, அதுக்குப் பேரு கோபம் இல்லை, அதிகாரம்.

அந்த மாதிரி வீட்ல இருக்கிறவங்களுக்கு: சண்டை மூளும்போது சமையலறை, குளியலறைப் பக்கம் போகாதீங்க. ஒண்ணுல கத்தி, இன்னொண்ணுல வேற வழி கிடையாது. அடையாளச் சான்று நகல், கொஞ்சம் பணம், மாத்திரை, மாற்றுச் சாவி எல்லாம் நம்பிக்கையான ஒருத்தர் வீட்ல இருக்கட்டும். அவங்களோட ஒரு சங்கேத வார்த்தை பேசி வைங்க. கழுத்தை ஒரு தடவை நெரிச்சிருந்தாலும், தழும்பு இல்லைன்னாலும், டாக்டரைப் பாருங்க. வீக்கம் சில மணி நேரம் கழிச்சும் வரும். உயிருக்கே ஆபத்துங்கிற எச்சரிக்கையும் அதுதான். விட்டுப் போறேன்னு முன்கூட்டிச் சொல்லாதீங்க. பிரியுற நேரமும் பிரிஞ்ச புதுசும்தான் ரொம்ப ஆபத்து. (கேட்காமலே நீட்டிட்டேன். ஆனா இதைச் சுருக்க முடியாது.)

நூல்கண்டு:
தாழ்வாரம் சொன்னதைப் படிச்சுட்டு "அப்போ அந்தப் பையன் கதை முடிஞ்சுது"ன்னு நினைக்க வேண்டாம். அடிபட்டு வளர்ந்தவங்கள்ல தன் பிள்ளையையும் வதைக்கிறவங்க சுமார் 30 சதவீதம்னு ஆய்வாளர்கள் காஃப்மனும் சிக்லரும் 1987-ல கணிச்சாங்க. பெரும்பாலோர் அப்படி ஆகலை. எகலாண்டுங்கிற ஆய்வாளரும் கூட்டாளிகளும் 1988-ல, வதைபட்டு வளர்ந்தும் தன் பிள்ளையை வதைக்காத அம்மாக்களைப் பார்த்தாங்க. சின்ன வயசுல ஆதரவா இருந்த, அடிக்காத ஒரு பெரியவர், எப்போதாவது எடுத்த மனநல சிகிச்சை, நிலையான நல்ல துணை, இதெல்லாம் அவங்ககிட்ட அதிகமா இருந்துச்சு. அந்த "ஒரு பெரியவர்" தாத்தாவோ டீச்சரோ, யாரா வேணா இருக்கலாம்.

தாழ்வாரம்:
முடிஞ்சுதுன்னு நான் எங்கே சொன்னேன்? மீதியையும் எழுதிடறேன். அந்த அப்பா மன்னிப்புக் கேட்ட முதல் தடவை, "ஸாரிடா, ஆனா நீயும்..."னு ஆரம்பிச்சார். அந்த "ஆனா" வந்ததும் பையன் கண்ணைக் கீழே போட்டுட்டான். கேட்டது வீண்.

அடுத்த தடவை நாலே வரி. "நேத்து உன் முதுகுல அடிச்சேன். அது தப்பு. உனக்குப் பயமா இருந்திருக்கும். இனிமே கோபம் வந்தா மாடிக்குப் போய்ட்டுப் பத்து நிமிஷத்துல வருவேன்." என்ன செஞ்சோம்னு பேர் சொல்லிச் சொல்றது, தப்புன்னு ஒத்துக்கிறது, பிள்ளைக்கு எப்படி இருந்திருக்கும்கிறது, அடுத்து என்ன செய்வோம்கிறது, அவ்வளவுதான். "மன்னிச்சிட்டியா?"ன்னு கேட்கக் கூடாது. அது பிள்ளை தலையில ஏத்துற சுமை.

பையன் ஒண்ணும் சொல்லலை. மறுநாள் அவர் மாடிப்படி ஏறினப்போ, கீழே உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கிட்டிருந்தான்.