மே கடைசியில் தெற்கே ஒரு சுற்று: போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

திருச்சி:

பள்ளி திறப்பதற்குள் ஒரு சுற்று போய் வரலாம் என்று வீட்டில் பேச்சு. மதுரை, பெரியகுளம், குற்றாலம், கன்னியாகுமரி. எங்கள் காரில்தான், மே கடைசி வாரம். கத்திரி முடியும் முடியாமலும் இருக்கும், தென்மேற்குப் பருவமழை வந்தும் வராமலும் இருக்கும். கேரளாவில் மழை தொடங்கும் வழக்கமான தேதி ஜூன் 1. ஆனால் 2023இல் ஜூன் 8, 2024இல் மே 30, 2025இல் மே 24 என்று வந்தது. இரண்டு வாரம் முன்னே பின்னே ஆகிற விஷயத்தை காலண்டரைப் பார்த்து எப்படி முடிவு செய்வது? தொப்பி போடுங்கள், தண்ணீர் குடியுங்கள் என்பதெல்லாம் எங்கள் அம்மாவே சொல்லியாகிவிட்டது. அந்த நாட்களில் அந்தப் பக்கம் போனபோது உங்களுக்கு என்ன நடந்தது என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

தென்காசி:

மே பிறந்துவிட்டால் போதும், "குற்றாலம் அருவியில தண்ணி விழுதா?" என்று சொந்தக்காரர்களிடமிருந்து போன் வர ஆரம்பித்துவிடும். விழுகிறதா என்பதைவிட எந்த மழையில் விழுகிறது என்பதைத்தான் கேட்க வேண்டும்.

சாரல் வேறு, கோடை மழை வேறு. பருவக்காற்று ஆரியங்காவு கணவாய் வழியாக இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கும்போது வருவது சாரல். தூறும், விடும், வெயில் அடிக்கும், மறுபடி தூறும். அருவியில் தண்ணீர் படிப்படியாக ஏறும். அது பெரும்பாலும் ஜூனில்தான். மே மாதத்தில் நடப்பது வேறு கதை. காலையெல்லாம் காய்ந்து, மதியத்துக்கு மேல் மலை உச்சியில் மேகம் திரண்டு, ஒரே இடத்தில் இடியோடு கொட்டித் தீர்க்கும். கீழே நமக்கு வெயில் அடித்துக்கொண்டிருக்கும். கொட்டிய தண்ணீர் மொத்தமும் பாறை வழியாக ஒரே மூச்சில் இறங்கிவரும்.

ஒரு மே கடைசியில் தங்கச்சி குடும்பத்தோடு ஐந்தருவியில் குளித்துக்கொண்டிருந்தோம். கூட்டம் அதிகமில்லை, தண்ணீரும் அளவாக இருந்தது. திடீரென்று தண்ணீரில் சருகும் குச்சியும் வந்தன. நிறம் டீ மாதிரி மாறியது. நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எண்ணெய் தேய்த்துவிடுகிற பெரியவர் ஒருவர்தான் "பிள்ளைகளத் தூக்கிட்டு மேல ஏறு" என்று கத்தினார். கத்திய வேகத்திலேயே போலீஸ் விசிலும் கேட்டது. நாங்கள் படியேறி நின்று திரும்பிப் பார்த்தபோது, குளித்துக்கொண்டிருந்த இடமே தெரியவில்லை. அப்போதும் தலைக்கு மேலே நீல வானம்தான்.

2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் இப்படி வந்த வெள்ளம் 17 வயதுப் பையன் ஒருவனைக் கொண்டுபோய்விட்டது. அந்தக் காணொளியைப் பார்த்திருப்பீர்கள், ஜனங்கள் சிதறி ஓடுவதை.

அதனால் மே மாதம் வருகிறீர்கள் என்றால் காலையில் குளித்து முடித்துவிடுங்கள். மெயின் அருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் விழுந்தால் தடை போட்டுவிடுவார்கள். அப்போது போலீஸ்காரரிடம் மல்லுக்கு நிற்க வேண்டாம், அவர் பார்த்ததை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

பெரியகுளம்:

தென்காசி அண்ணன் சொன்னது அப்படியே எங்கள் கும்பக்கரை அருவிக்கும் பொருந்தும். கும்பக்கரைக்குத் தண்ணீர் வருவது கொடைக்கானல் மலையிலிருந்து. இங்கே மண் வெடித்துக் கிடந்தாலும், நேற்று ராத்திரி மேலே மழை பெய்திருந்தால் இன்று வனத்துறை கேட்டைப் பூட்டியிருக்கும். போன கோடையில் மதுரையிலிருந்து வேன் எடுத்து வந்தவர்கள் கேட்டில் சண்டை போட்டதை நானே பார்த்தேன். "ஒரு சொட்டு மழை இல்ல, என்னத்துக்குத் தடை?" என்று கேட்டார்கள். வேனில் பிள்ளைகள் துண்டோடு உட்கார்ந்திருந்தன, பாவம். பெரியகுளம் வானிலையைத் தேடிப் பார்த்துவிட்டு வராதீர்கள். முந்தின நாள் கொடைக்கானலில் மழையா என்று பாருங்கள். பூட்டியிருந்தாலும் நஷ்டமில்லை, மாம்பழ சீசன். பெட்டியோடு வாங்கிக்கொண்டு போகலாம்.

கோயம்புத்தூர்:

உங்கள் பாதையில் ஊட்டி இல்லை, இருந்தாலும் சொல்கிறேன். 2025 மே 24, 25, சனி ஞாயிறு. மலர்க் கண்காட்சி முடிகிற நேரம் பார்த்து ரூம் போட்டிருந்தோம். அந்தச் சனிக்கிழமைதான் கேரளாவில் பருவமழை தொடங்கியது. ஞாயிறு, திங்கள் இரண்டு நாளும் நீலகிரிக்கும் எங்கள் மாவட்டத்துக்கும் ரெட் அலர்ட். ஒரே நாளில் இருபது சென்டிமீட்டருக்கு மேல் கொட்டக்கூடும் என்றால்தான் சிவப்பு போடுவார்கள். சுற்றுலா இடங்களையெல்லாம் மூடிவிட்டார்கள். லாட்ஜில் பணம் திரும்பத் தர மாட்டோம் என்றார்கள். பிள்ளைகள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து சீட்டு ஆடினார்கள். அதற்கு முந்தின வருடம் ஏப்ரல் கடைசியில் இதே ஊட்டியில் 29 டிகிரி வெயில், ஊருக்கே புதுசு!

இன்னொன்று. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வேண்டும், 2025 ஏப்ரலில் இருந்து வண்டி எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்திருக்கிறார்கள். பெரியகுளம் வரை வந்துவிட்டு "அப்படியே மேலே ஏறிடலாம்" என்று கடைசி நிமிடத்தில் தோன்றினால் அரசுப் பேருந்துதான் சுலபம், அதற்கு பாஸ் கேட்பதில்லை.

கும்பகோணம்:

எல்லோரும் மழையைப் பற்றியே பேசுகிறீர்கள். எழுபது தாண்டிய மாமியாரோடு கோயில் கோயிலாகப் போகிறவள் நான், எனக்கு மழை ஒரு பொருட்டில்லை, தரைதான். தஞ்சைப் பெரிய கோயில் வெளிப் பிராகாரத்தில் பதினோரு மணிக்கு மேல் செருப்பில்லாமல் நடந்து பாருங்கள். நார் விரிப்பு போட்ட இடத்தில் நடக்கலாம், அதை விட்டு இறங்கினால் ஓட்டம்தான். மதுரையிலும் மதியம் நடை சாத்தினால் நாலு மணி வரை வெளியேதான் நிற்க வேண்டும். வெயில் உச்சியில் இருக்கிற அந்த நேரத்தில் வயசானவர்களை எங்கே உட்கார வைப்பது? நாங்கள் விடியற்காலையிலேயே தரிசனத்தை முடித்துவிடுவோம். பகலில் ரூமில் தூக்கம். சாயங்காலம் மறுபடி ஒரு கோயில். இதில் ஒரு நாள் கூடுதலாகப் பிடிக்கும், பரவாயில்லை.

அப்புறம், போனில் காட்டுகிற டிகிரியை மட்டும் நம்ப வேண்டாம். கரூரில் 40 என்றால் சுடும், நிழலில் நின்றால் தாங்கும். நாகப்பட்டினத்தில் 36தான் காட்டியது, வியர்வை காயவே இல்லை. மாமியாருக்குத் தலை சுற்றியது நாகையில்தான், கரூரில் இல்லை. கடலோர ஊருக்குப் போகும்போது ஈரப்பதம் எவ்வளவு என்றும் பாருங்கள்.

திருநெல்வேலி, பைக்கில் போகிறவர்:

காரில் போகிறீர்கள், உங்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. பணகுடி தாண்டி முப்பந்தல், ஆரல்வாய்மொழி வரும்போது ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடியுங்கள். மலை இடைவெளியில் காற்று அள்ளும், சும்மாவா அத்தனை காற்றாலை நிற்கிறது? மே பின்பாதியில் காற்று கிளம்பிவிட்டால், லாரியை ஓவர்டேக் செய்து வெளியே வருகிற நொடியில் பைக் பக்கத்து லேனுக்கே போகும். என் நண்பர் கேரியரில் கட்டிய பாய், தலையணையெல்லாம் காற்றாலைப் பக்கம் பறந்தது. திரும்பிப் போய் எடுக்கவில்லை.

நாகர்கோவில்:

கன்னியாகுமரிக்கு வருகிறீர்கள் என்பதால் ஒரே ஒரு விஷயம். மழை இல்லை, காற்றும் இல்லை, கடல் அமைதியாகக் கிடக்கும், திடீரென்று அலை கரையேறும். கள்ளக்கடல் என்று எங்கள் பக்கம் சொல்வோம். எங்கோ தெற்கே இந்தியப் பெருங்கடலில் அடித்த புயல்காற்று கிளப்பிய அலை, பல நாள் பயணம் செய்து இங்கே வந்து சேர்கிறது. அதனால்தான் உள்ளூர் வானத்தில் ஒரு அறிகுறியும் இருக்காது. 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்தது இந்த அலையில்தான். அதற்கு முன்பே எச்சரிக்கை வந்திருந்தது. ஹைதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ் என்கிற கடல் தகவல் நிறுவனம்தான் அதை வெளியிடுகிறது. மாவட்ட நிர்வாகமும் செய்தியில் சொல்வார்கள். வெயில், மழை மட்டும் காட்டுகிற ஆப்பில் அது வராது.

என் அத்தை குடும்பம் வந்தபோது விவேகானந்தர் பாறைக்குப் படகு நிறுத்திவிட்டார்கள். கண்ணாடிப் பாலத்தைப் பார்க்கத்தான் அத்தனை தூரம் வந்தார்கள். மறுநாள் காலையில் விட்டார்கள், அதற்குள் அவர்கள் ரயில் ஏறிவிட்டார்கள். கன்னியாகுமரியில் இரண்டு காலைகள் வைத்துக்கொள்ளுங்கள்.

திருச்சி:

எல்லோருக்கும் நன்றி. வீட்டில் உட்கார வைத்து வாசித்துக் காட்டினேன். பயணத்தைத் திருப்பிப் போடலாம் என்று முடிவு. முதலில் நேராகக் கன்னியாகுமரி, அங்கே இரண்டு இரவு. அடுத்து குற்றாலம், அங்கே மட்டும் கேன்சல் செய்ய முடிகிற ரூம். பெரியகுளம் போவதா வேண்டாமா என்பதை முந்தின நாள் கொடைக்கானல் மழையைப் பார்த்துவிட்டு முடிவு செய்வோம். மதுரை கடைசியில், விடியற்காலை தரிசனம். மே 24 மாதிரி சீக்கிரமே பருவமழை வந்துவிட்டால் குற்றாலத்தில் குளிக்க முடியுமா, தென்காசி அண்ணா?

தென்காசி:

வந்த முதல் இரண்டு மூன்று நாள் பெரும்பாலும் தடைதான் இருக்கும், தண்ணீர் கொஞ்சம் இறங்கியதும் விடுவார்கள். சனி ஞாயிறில் வராதீர்கள், வண்டி நிறுத்தவே அரை நாள் ஆகும். ஒருவேளை அருவி மூடியிருந்தால் செங்கோட்டை பார்டருக்குப் போய்ப் புரோட்டா சாப்பிட்டுவிட்டு, அன்று ராத்திரி தென்காசியிலேயே தங்குங்கள், காலையில் திறந்துவிட்டார்களா என்று நான் போய்ப் பார்த்துச் சொல்கிறேன்.